துடைக்காமல் விட்ட தூள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்கு வழக்கமான சோம்பலைக் காரணம் சொல்ல மாட்டேன். இந்த முறை ஒரு போட்டியில் மாட்டிக்கொண்டேன். இடது கண்ணில் புரை நீக்கிய பிறகு நீலம் மறுபடி நீலமாகவே தெரிகிறது. இந்த நிலையில் கேமராவைத் தொடாமல் எப்படி இருப்பது? உன் முழங்கால் வலி தேவலையா? ஓய்வு பெற்ற கையோடு புல்லாங்குழல் கற்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். ஊதுவதில் பாதிக்கு மேல் வெறும் காற்றாகவே போகிறது, மிச்சம்தான் ஸ்வரம் என்று நீ நொந்துகொண்டதைப் படித்துச் சிரித்தேன், மன்னித்துவிடு. ஆனால் எங்கள் போட்டிக்கு இந்த மாதத் தலைப்பு 'இசை' என்று அறிவித்தபோது முதலில் நினைவுக்கு வந்தவன் நீதான்.

எங்கள் குழு சின்னது. பதினைந்து பேர், ஒருவர்கூடப் படமெடுத்துப் பிழைப்பவர் கிடையாது. மாதம் ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு படம். பிரிண்ட் போட்டு, பெயர் எழுதாமல் எண் மட்டும் ஒட்டிச் சுவரில் மாட்டிவிடுவோம். ஒவ்வொருவரும் மற்றப் பதினான்கு படங்களுக்கும் மூன்று வாக்கியமாவது எழுதிப் போட வேண்டும்: கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது, கடைசியில் எங்கே நின்றது. 'அருமை' என்ற சொல்லுக்குத் தடை. அந்தத் தடையைக் கொண்டுவந்தவன் நான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன், என் படத்துக்குக் குறிப்புகள் வந்து சேரும்வரை.

என் படத்தைச் சொல்கிறேன், கேள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வயலினை இரவல் வாங்கினேன். கருப்புத் துணி விரித்து அதன்மேல் வயலினைக் கிடத்தி, வில்லைக் குறுக்காகச் சாய்த்து, பக்கத்தில் இசைக்குறிப்புத் தாள் ஒன்றை வைத்து, அதன்மேல் காய்ந்த ரோஜா இதழ் ஒன்று. ஆமாம், ரோஜா இதழ். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து. முக்காலியில் கேமரா, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் அரை நொடி. நான்கு காலைப்பொழுதுகள் இதற்கே போயின. நான்கு தந்திகளும் கத்தியால் கீறியதுபோல் துல்லியம். மரத்தின் ரேகைகளை எண்ணலாம். பரிசு வாங்கும்போது காட்ட வேண்டிய அடக்கத்தைக்கூடக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டேன்.

குறிப்புகள் வந்தன. பெரும்பாலானவை வெளிச்சத்தை மெச்சின. ஒன்று மட்டும் இப்படி: "கண் முதலில் ரோஜா இதழுக்குப் போனது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அடுத்து தந்திகளுக்குப் போனது, விற்பனைக்கு வைத்த வயலின் என்று நினைத்தேன். கடைசியில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் தூளில் நின்றது. இந்த வயலினை யாரோ வாசித்திருக்கிறார்கள் என்பதற்கு இங்கே இருக்கும் ஒரே சாட்சி அதுதான்."

வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் என்ற பிசின் உதிர்ந்து படிந்த தூள் அது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: படம் எடுக்கும் முன் அதைத் துடைக்கப் பார்த்தேன். இரண்டு முறை. தந்திகளுக்கு அடியில் துணி சரியாக நுழையவில்லை. இரவல் பொருளாயிற்றே, கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டேன். நான்கு நாள் பார்த்துப் பார்த்து அடுக்கியதெல்லாம் கடைச் சரக்காகத் தெரிந்திருக்கிறது. துடைக்க முடியாமல் விட்ட அழுக்கு மட்டும் பேசியிருக்கிறது.

இரண்டு நாள் அந்தக் காகிதத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். நம் இருட்டறை நாட்கள் நினைவுக்கு வந்தன. சிவப்பு விளக்கின் கீழே, டெவலப்பர் தட்டில் என் மாமாவின் முகம் மெல்ல மெல்லக் கிளம்பி வந்தபோது, "மாமாவின் தலையில் விளக்குக் கம்பம் முளைத்திருக்கிறதே" என்றாய். அவர் பின்னால் கம்பம் நின்றதை எடுக்கும்போது நான் கவனிக்கவே இல்லை. ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அதற்கு அப்புறம் இன்றுவரை, ஒருவரைப் படமெடுக்கும் முன் அவர் தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் ஷட்டரை அழுத்தியதில்லை. இதை உன்னிடம் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை என்று நினைக்கிறேன்.

மற்றவர்களின் படங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபிப்பாய். முதல் பரிசு வாங்கிய படத்தில் வாத்தியமே சரியாகத் தெரியாது. பியானோ வாசிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் இருப்பார் அல்லவா, அவருடைய படம். வாசிப்பவர் சட்டகத்துக்கு வெளியே. இவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, தாளின் மூலையை இரண்டு விரலால் பற்றியபடி, வெளியே இருக்கும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தலையசைப்புக்காகக் காத்திருக்கும் கண்கள். முழங்கால்கூட மடிந்தும் மடியாமலும் நிற்கிறது, உன் முழங்கால் இதற்கு ஒத்துழைக்காது. வலப்பக்கம் படத்தின் பாதி வெறும் இருட்டு. அந்தப் பாதியை வெட்டிவிடலாம் என்று ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். நான் கூடாது என்று வாதாடினேன். புகைப்படக் கலைஞர் ஆர்னால்ட் நியூமன் 1946இல் எடுத்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படத்தை நாம் நூலகத்தில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? மனிதர் இடது கீழ் மூலையில் ஒடுங்கிக் கிடப்பார். படத்தின் பெரும்பகுதியைத் திறந்த பியானோ மூடியின் கருப்பு வடிவமே பிடித்துக்கொண்டிருக்கும். இசைக்குறிப்பில் ஸ்வரத்தைச் சற்றே இறக்கச் சொல்லும் ஃப்ளாட் அடையாளத்தைப் போன்ற வடிவம் அது. கேட்டு எடுக்கச் சொன்ன பத்திரிகையே அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. இன்று நியூமன் என்றால் முதலில் நினைவுக்கு வருவதே அந்தப் படம்தான். வெற்றிடம் எல்லாமே வீண் இடம் என்று நினைப்பவர்களிடம் வேறு எப்படிப் பேசுவது?

இரண்டாவது, சுழலும் இசைத்தட்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அவர் ஷட்டரை 2 நொடி திறந்து வைத்திருக்கிறார். நடுவிலுள்ள தாளின் எழுத்தெல்லாம் வளையங்களாகக் கரைந்துவிட்டன. ஊசியும் அதைத் தாங்கும் கையும் மட்டும் அசையாமல் கூர்மையாக நிற்கின்றன. கணக்குப் போட்டுச் செய்த படம் இவ்வளவு அழகாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூலையில் ஜன்னல் பிரதிபலிப்பு இருந்தது, அதைச் சுட்டிக்காட்டினேன்.

உலோகத் தகட்டில் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்து, மணல் கோலமாக ஒதுங்குவதை ஒருவர் எடுத்திருந்தார். தகட்டில் அதிராத கோடுகளில் மணல் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி 1787இல் புத்தகமாகவே வெளியிட்ட விஷயம். இது இசையா, வெறும் ஓசையா என்று ஒரு மாலை முழுவதும் சண்டை. தீரவில்லை. எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது, ஆனால் தலைப்புக்குள் வரவில்லை என்றுதான் எழுதினேன். இப்போது கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

மிச்சத்தில் நான்கு படங்கள் ஒரே அச்சு: கண்ணை மூடிய பாடகர், உயர்த்திய கை, வாயை மறைக்கும் மைக். இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். அதில் ஒன்றுக்கு, "மைக் முளைத்த முகம்" என்று எழுதிவிட்டேன். உன் விளக்குக் கம்பத்தைத் திருடிக்கொண்டதாக வைத்துக்கொள். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெயர்களை அறிவித்தபோது அது எங்கள் குழுவிலேயே இளையவனின் படம் என்று தெரிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

நானே தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே அவன் கணினியைத் திறந்து, "முகம் ஏன் இப்படிப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டான். நீல எல்இடி விளக்கில் எடுத்த படம். சென்சாரில் நீலம் மட்டும் நிரம்பி வழிந்திருந்தது. சிவப்பும் பச்சையும் பட்டினி. கேமராவின் மீட்டர் மொத்த வெளிச்சத்தைக் கணக்கிட்டு எல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறது, நம்பிவிட்டான். அப்படிப்பட்ட மேடையில் ஒவ்வொரு நிறத்துக்குமான வரைபடத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒரு ஸ்டாப்போ, அதாவது வெளிச்சத்தில் பாதியோ, அதற்கு மேலோ குறைத்தே எடுக்க வேண்டும் என்று காட்டினேன். சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு இருந்ததால் மற்ற பிரேம்களையும் பார்த்தோம். பதினேழாவது பிரேமில் பாடகர் மைக்கைக் கீழே இறக்கி, பாட்டுக்கு நடுவே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்து, உதடு லேசாகப் பிரிந்து. கருப்பு வெள்ளையாக மாற்றியதும் அவனும் நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதை ஏன் அனுப்பவில்லை?" என்றேன். "அவர் பாடவில்லையே" என்றான்.

மூன்று வாக்கிய விதி எதற்கு என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. கண் எங்கே போனது என்று எழுதுகிறவன் படத்தை விட்டு விலக முடியாது. நான் எழுதியது படத்தைப் பற்றியதே இல்லை, என் சாமர்த்தியத்தைப் பற்றியது. 'அருமை'க்குத் தடை போட்டவன் இதற்கும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

அதன் பிறகு என் வயலினை மறுபடி எடுக்காமல் இருக்க முடியவில்லை. இந்த முறை வயலினை இரவல் வாங்கவில்லை, வாசிப்பவளையே வரச் சொன்னேன். புகைப்படக் கலைஞர் ஹெர்மன் லியோனர்டு 1948இல் நியூயார்க்கில் எடுத்த சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டனின் படத்தில் சிகரெட் புகை அப்படி எழும்பித் தெரிவதற்குக் காரணம் பின்னாலிருந்து வரும் வெளிச்சம். புகைக்குப் பொருந்துவது தூளுக்கும் பொருந்தாதா என்று ஓர் ஆசை. விளக்கை அவளுக்குப் பின்னால் வைத்து, எதிரே எல்லாவற்றையும் இருட்டாக்கினேன். வில்லுக்குப் புதிதாக ரோசின் தேய்க்கச் சொன்னேன். இன்னொரு சிக்கல் ஷட்டர் வேகம். 440க்குச் சுருதி சேர்த்த 'ஏ' தந்தி நொடிக்கு 440 முறை அதிர்கிறது. 1/2000 நொடியில் எடுத்தால் ஓர் அதிர்வில் கால் பங்குகூட முடிந்திருக்காது, தந்தி அசையாத கம்பியாகத்தான் விழும். பழைய குற்றச்சாட்டே திரும்ப வரும். 1/60இல் ஏழு அதிர்வுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, தந்தி நடுவில் பருத்து முனைகளில் மெலிந்த ஒளிக்கதிராகிவிடும். (ஒரு வேடிக்கை: கேமராவில் நாம் திருகும் ஐஎஸ்ஓவுக்குப் பெயர் தந்த அதே அமைப்புதான் இந்த 440ஐயும் தரமாக வகுத்திருக்கிறது, 1975இல், ஐஎஸ்ஓ 16 என்று. நம் இரண்டு பைத்தியங்களுக்கும் ஒரே அலுவலகம்.)

முதல் நாற்பது படங்கள் குப்பை. வில் அசைவில் கலங்கி மறைந்துவிட்டது, அல்லது விளக்கு நேராக லென்ஸுக்குள் பாய்ந்துவிட்டது. அவளுக்குக் கை வலித்தது, எனக்கு வெட்கமாக இருந்தது. "போதும் அங்கிள், நான் எனக்காகக் கொஞ்சம் வாசித்துக்கொள்கிறேன்" என்று அவள் என்னை மறந்து வாசிக்கத் தொடங்கிய பிறகு எடுத்ததில் ஒன்று தேறியிருக்கிறது. வில் திரும்பும் நொடி. திரும்பும் இடத்தில் வில் ஒரு கணம் நிற்பதால் அது கூர்மையாக விழுந்திருக்கிறது, தந்தி மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. குதிரைக்கு மேலே தூள் எழும்பி நிற்கிறது. கொஞ்சம்தான்.

புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் முதலில் பியானோ கலைஞராக வேண்டும் என்று பல ஆண்டுகள் பயின்றவர், நெகடிவ் இசைக்குறிப்பு என்றால் பிரிண்ட் அதை வாசிப்பது என்பார். இருட்டறையில் நீ அதை அடிக்கடி சொல்வாய், காகிதத்தை வீணாக்கும் போதெல்லாம். இந்தப் படத்தை நான் மூன்று விதமாக வாசித்துப் பார்த்துவிட்டேன். நிழலைத் திறந்தால் அவள் முகம் தெரிகிறது, தூள் மங்குகிறது. மூடினால் தூள் ஜொலிக்கிறது, அவள் காணாமல் போகிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மூன்று வாக்கியம் எழுதித் திருப்பி அனுப்பு. தலைக்குப் பின்னால் கம்பம் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

வரும்போது உன்னையும் எடுப்பதாக இருக்கிறேன். ஸ்வரம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த வெறும் காற்றே போதும், விளக்கைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

உன் பழைய இருட்டறைக் கூட்டாளி