செயலாளரின் ஆண்டறிக்கை: கனூ முகாம் பயணமும் ஆற்றுத் தெரிவும்

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வருடம் செயற்குழு நான்கு தடவை கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். கனூ எனப்படும் துடுப்பு வள்ளத்தில் எந்த ஆற்றுக்கு முகாம் போவது என்பதிலேயே கூட்டங்களின் பெரும்பொழுது போனதால், நான் அதைப் பற்றியே சொல்கிறேன்.

கிராண்ட், மட்டாவா, பிரெஞ்ச் என ஒன்ராறியோவின் மூன்று ஆறுகள் முன்மொழியப்பட்டன. மூன்றும் கனடாவின் மரபுரிமை ஆறுகள். அவற்றில் பிரெஞ்ச் ஆறு 1986இல் முதலாவதாக அந்தப் பெயரைப் பெற்றது.

கிராண்ட் ரொறொன்ரோவுக்குக் கிட்ட என்பதால் பலருக்கு அதில் விருப்பம். போன ஓகஸ்டில் ஐந்து பேர் ஒன்ராறியோவிலுள்ள பாரிஸ் நகரிலிருந்து பிரான்ற்ஃபோர்ட் வரை வள்ளம் ஓட்டிப் பார்க்கப் போனோம். கோடையில் அந்த ஆறு, 1942இல் கட்டிய ஷாண்ட் அணை போன்றவற்றிலிருந்து திறந்துவிடும் தண்ணீரை நம்பியிருக்கிறது. அன்றைய நீரளவைப் பார்க்காமல் புறப்பட்டது என் பிழை. பாரிஸைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வள்ளத்தின் அடி கல்லில் உரசி நின்றது. கணுக்கால் தண்ணீரில் இறங்கி, பாசி வழுக்க வழுக்க இழுத்தோம். வாடகை வள்ளத்தின் சிவப்புப் பூச்சு கற்களில் கோடு கோடாக ஒட்டிக் கிடந்தது.

மட்டாவாவின் அழகைப் பற்றி இரண்டு பேச்சில்லை. 1615இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி சம்ப்ளேன் போன வழி அது. ஆனால் அருவி வருமிடமெல்லாம் வள்ளத்தைத் தோளில் கவிழ்த்து, காட்டுப் பாதையால் நடக்க வேண்டும். எங்களில் நால்வருக்கு முழங்கால் வருத்தம். நன்றாகத் துடுப்பு வலிப்பவரின் ஆசையைப் பார்த்து ஆற்றைத் தெரிவு செய்யக்கூடாது, முதல் தடவை வருபவரைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும் என்று அன்று நான் வாதிட்டேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

ஆகவே யூலையில் பிரெஞ்ச் ஆற்றுக்குப் போனோம். ஹார்ட்லி பே பக்கத்தில் ஆறு பெரும்பாலும் ஏரிபோல் கிடக்கும். அதற்குக் கீழே பல வாய்க்கால்களாகப் பிரிந்து ஜோர்ஜியன் விரிகுடாவில் விழுகிறது. புறப்பட்ட இடத்துக்கே வலித்துத் திரும்பலாம், வேறு வாகனம் தேட வேண்டியதில்லை. கருங்கரடிக்குப் பயந்து சாப்பாட்டை இரவில் மரத்தில் உயரக் கட்டினோம். பருத்தித்துறை வடை கடைசி நாள்வரை மொறுமொறுவென்று இருந்தது. கருவாட்டை மணத்துக்குப் பயந்து வீட்டிலேயே விட்டிருந்தோம்.

மூன்றாம் நாள் மேற்குக் காற்று எழும்பி, விரிந்த நீர்ப்பரப்பில் அலை வெள்ளை நுரை தள்ளியது. நீச்சல் தெரியாத அக்கா ஒருவர் துடுப்பை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார். "கரையைப் பிடிச்சே வலியுங்கோ, அவசரமில்லை" என்று முன்வள்ளத்திலிருந்து குரல் வந்தது. ஒரு பாறையில் ஒதுங்கி, காற்று அடங்கும்வரை பின்னேரம் முழுக்க இருந்தோம். அந்த அக்காவே அடுத்த வருடத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறார்.

வரும் வருடம் மட்டாவாவின் ஒரு பகுதியை மட்டும் ஓடலாம் என்பது செயற்குழுவின் யோசனை. அதற்குமுன் இரண்டு வாரவிறுதிகள் வள்ளம் சுமந்து பழக வேண்டும். கறுப்பு ஈக்கள் மொய்க்கும் மே, யூன் மாதங்களைத் தவிர்ப்போம். வர விரும்புவோர் நீச்சல் தெரியுமா, முழங்கால் எப்படி என்பதை உள்ளபடி எழுதி இன்றே என்னிடம் தாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்