பாஞ்சோவின் சொந்தக்காரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க கன்ட்ரி இசை பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் படித்து முடித்தால் அது முழுக்க வெள்ளைக்கார விவசாயிகள் உருவாக்கிய இசை என்றே தோன்றும். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது, சரி. இந்த இசையில் கேட்கும் தந்தி வாத்தியமான பாஞ்சோ? மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த வாத்தியத்தின் வழியில் வந்தது அது. 1927-இல் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் பாடிப் பதிவு செய்த கன்ட்ரி இசைக்குழுவான கார்ட்டர் குடும்பத்தை அவ்வளவு புகழ்ந்த கட்டுரையாளர், அக்குழுவின் ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாட்டு தேடி அலைந்தபோது, கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்ள, மெட்டை மனதில் ஏற்றிக்கொண்டு வந்த லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞரைச் சொல்லவே இல்லை. அப்புறம் இன்னொரு கறுப்பினக் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி! ஒரு மவுத் ஆர்கனை வைத்துக்கொண்டு ரயில் ஓடும் சத்தத்தை அப்படியே கொண்டுவந்தவர், கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் ஆரம்பகால நட்சத்திரம். 1941-இல் அவரை அந்த நிகழ்ச்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதன்பிறகு நாஷ்வில் நகரில் ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏறியது 2005-இல்தான், இறந்து 23 ஆண்டுகள் கழித்து. இந்த இருவரைப் பற்றியும் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.

இசைப் பிரியன்,
திருச்சி