ரோட்டில் கிடந்த மூட்டை

தேவிபட்டினம்
28.4.2024

அன்புள்ள மல்லிகா,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. நன்றாகத் திட்டிக்கொள். பரீட்சை, பேப்பர் திருத்தல், அப்புறம் எலெக்‌ஷன் டூட்டி. அம்மா முழங்கால் இப்போது தேவலை. ஹாஸ்டல் புளியோதரையை நீ ஒளித்து வைத்த கதையைக் கேட்டுச் சின்னவன் இன்னமும் சிரிக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை தொண்டிப் பக்கம் ஒரு கடலோர ஸ்கூல். நான்தான் பி.ஓ., பூத்துக்குப் பொறுப்பான அதிகாரி. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டதே, விசைப்படகெல்லாம் கரையில், ஆண்கள் எல்லாரும் க்யூவில். நம் தொகுதியில்தான் ஒரே பேரில் ஏகப்பட்ட பன்னீர்செல்வம் போட்டி போட்டார்களே! வயதான பொம்பளைகள் சின்னத்தைத் தேடித் தேடி நின்றார்கள். 17சி படிவத்தில் ஓட்டுக் கணக்கு எழுதி, சீல் வைத்து, மெஷினை மண்டல அலுவலரிடம் ஒப்படைக்கும்போது மணி பதினொன்று. பாத்ரூமில் தண்ணீர் இல்லை என்று நாள் பூராவும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

நாலு பேரும் சேர்ந்து வேன் பிடித்து வந்தோம். திருப்பாலைக்குடி தாண்டியதும் ரோட்டு நடுவில் ஒரு மூட்டை. டிரைவர் பிரேக் போட்டார். நான்தான் முதலில் இறங்கினேன். கிழிந்த வலை, ஏதோ வண்டியிலிருந்து விழுந்திருக்கிறது. இழுத்து ஓரமாகப் போட்டோம்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான்டீ எனக்குக் கை நடுங்கியது.

2019 ஞாபகம் இருக்கா? நமக்கு ஏப்ரல் 18 ஓட்டுப்பதிவு. அதற்கு முதல் நாள், ஒடிசாவில் கந்தமால் காட்டுக்குள்ளே தேர்தல் வேலைக்குப் போன ஒரு பெண் அதிகாரி, வழியில் ஏதோ சந்தேகமாகக் கிடக்கிறதே என்று வண்டியை விட்டு இறங்கினார். மாவோயிஸ்டுகள் அங்கேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நான் செய்ததைத்தானே அவரும் செய்தார்?

2014-ஐ யோசித்துப் பார். ஏப்ரல் 24, நாம் ஒரே பூத்தில் பிரியாணிப் பொட்டலத்துக்குச் சண்டை போட்ட நாள். அன்றைக்கே ஜார்க்கண்டில் தும்கா பக்கம், ஓட்டுப்பதிவு முடித்துத் திரும்பியவர்களின் வண்டியைக் கண்ணிவெடி வைத்துத் தகர்த்ததில் எட்டுப் பேர் செத்தார்கள். காஷ்மீரில் சோபியானில், தேர்தல் வேலை முடித்துத் திரும்பிய ஒரு அதிகாரியைத் தீவிரவாதிகள் சுட்டார்கள். நாம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தூங்கினோம்.

அரசாங்கத்தோடு ஆயிரம் சண்டை இருக்கட்டும். மைக்குப்பியும் படிவமும் தூக்கிக்கொண்டு போகிறவர்களை ஏன் கொல்ல வேண்டும்? பாதிப் பேர் நம்மை மாதிரி வாத்தியார், டீச்சர்தான். ஆர்டர் வந்தால் போகாமல் இருக்க முடியுமா? இந்த 19-ம் தேதி, சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகள் இருக்கிற பஸ்தரிலும் ஓட்டுப்பதிவு. தேர்தல் வேலைக்குப் போனவர்களை உள்கிராமங்களுக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கினார்கள். நான் தண்ணீர் இல்லை என்று கத்திக்கொண்டிருந்த அதே நேரம், அங்கே ஒருத்தி வீட்டுக்குத் திரும்புவோமா என்று யோசித்திருப்பாள்.

நம் பயிற்சி வகுப்பில் மாதிரி ஓட்டு 50 போடச் சொல்லிக் கொடுக்கிறார்கள், எந்தக் கவருக்கு என்ன கலர் என்று சொல்கிறார்கள். தேர்தல் வேலைக்குப் போய் இப்படிச் செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த வகுப்பில் நான் எழுந்து கேட்கப் போகிறேன். நீயும் உன் பக்கம் கேள்.

மே 20 கந்தமாலில் ஓட்டுப்பதிவு. அன்றைக்கு ராத்திரி எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று செய்தி பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். முழித்திருந்தால் நீயும் பார், மல்லி.

உன்
வசந்தா