மசாய் மாராவுக்கு டிக்கெட் போட்டிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக பயணிகளே,

வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான் வகைக் கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடக்கிற ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் நம் ஊரிலிருந்தும் குழு குழுவாகக் கென்யாவின் மசாய் மாரா சரணாலயத்துக்குக் கிளம்புகிறோம். போன ஆகஸ்டில் நானும் அப்படிப் போனவள்தான். வண்டியில் ஏழு பேர். நாங்கள் செய்த தப்பை நீங்களாவது செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் காலை ஆறரை மணி இருக்கும். வண்டி ஓட்டிய வழிகாட்டி "ஃபிஸி" என்று சொல்லி நிறுத்தினார். சுவாஹிலியில் கழுதைப்புலி. செத்த வில்டபீஸ்ட் ஒன்றைச் சுற்றி நாலைந்து நின்றன. "ஐயே, இதைப் பார்க்கவா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்? சிங்கத்தைக் காட்டச் சொல்லுங்க" என்றார் பின்சீட்டு மாமா. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். வண்டி கிளம்பிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் "டூமா" என்று குரல் வந்தது. சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா! புழுதி பறக்கப் போய்ச் சேர்ந்தால், ஏற்கெனவே அங்கே பதினோரு வண்டிகள். நடுவில் ஒரு தாயும் மூன்று குட்டிகளும். தூரத்தில் தாம்சன் கெசல் மான்கள். தாய் தலையைத் தாழ்த்தி நாலடி வைக்கும், குறுக்கே ஒரு வண்டி வரும், நின்றுவிடும். மூன்று தடவை இப்படியே ஆனது. கடைசியில் அது ஒரு லேண்ட் குரூசர் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. "எவ்வளவு கிட்டே பாருங்க!" என்று அதையும் படம் எடுத்தோம்.

ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. வழிகாட்டிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் இன்னும் கிட்டே போகச் சொல்லி அவர் தோளைத் தட்டியது நாங்கள். டிப்ஸ் கொடுக்கப் போவதும் நாங்கள். அவர் என்ன செய்வார்?

ஊருக்கு வந்த பிறகு, 2018இல் வெளியான மாரா ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்தேன். சுற்றுலா வண்டிகள் அதிகம் நடமாடும் இடங்களில், சிவிங்கிப்புலியின் ஒரு ஈற்றுக் குட்டிகளில் பிழைத்து வளர்ந்து தாயைப் பிரிந்து போகும் வயதுக்கு வந்தவை சராசரியாக 0.2. வண்டிகள் குறைந்த இடங்களில் 2.3. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்துதான் சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. அந்தப் பகலிலும் நாம் போய்க் குறுக்கே நிற்கிறோம்.

மூன்றாம் நாள் மாமாவுக்கு வயிறு சரியில்லை, விடுதியிலேயே தங்கிவிட்டார். அந்தத் துணிச்சலில், அடுத்த ஃபிஸியைக் கண்டதும் நிறுத்தச் சொன்னேன். வழிகாட்டி என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார். அப்போதுதான் சத்தம் கேட்டது. கரும்பை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல எலும்பு உடைந்துகொண்டிருந்தது. பெரிய பெண் கழுதைப்புலி ஒன்று வயிறு முட்டத் தின்ன, ஆண் கழுதைப்புலிகள் தள்ளி நின்றன. அந்தக் கூட்டத்தில் பெண் வைத்ததுதான் சட்டமாம். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாகக் கிடந்த எச்சத்தைக் காட்டி, "தின்ற எலும்பெல்லாம் இப்படித்தான் வெளியே வரும்" என்றார் வழிகாட்டி.

கழுதைப்புலி நகர்ந்ததும் பாறுக் கழுகுகள் இறங்கின. சிவந்த தலையில் சதை மடிப்புத் தொங்கும் பெரிய வகை ஒன்று தோலைக் கிழிக்க, வெண்முதுகுப் பாறுகள் கழுத்துவரை உள்ளே விட்டு இழுத்தன. சின்னப் பாறுகள் ஓரத்தில் சிதறியதைப் பொறுக்கின. கால்நடையைத் தின்னும் சிங்கத்துக்கென்று வைக்கிற விஷம், பிணத்தில் கூடும் இந்தப் பாறுகளையும் கூட்டமாகக் கொல்கிறது. ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறு இன்று அழிவின் விளிம்பில்.

கழுதைப்புலி திருடித் தின்கிற பிராணி என்பதும் நம் கற்பனைதான். 1960களில் தான்சானியாவின் ங்கோரோங்கோரோவில் விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் இரவிரவாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அது தானே வேட்டையாடியதைச் சிங்கம் வந்து பிடுங்கியதுதான் அதிகம். மாமாவிடம் சொன்னேன், நம்பவில்லை.

சரி, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஐந்து வண்டி நிற்கிற இடத்துக்கு ஆறாவதாகப் போக வேண்டாம், அதற்காக டிப்ஸ் குறையாது என்று முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். டிப்ஸ் விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், ஃபிஸிக்காக நிறுத்தினால் அரைமணி நேரம் இருங்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும், கைக்குட்டை எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
அன்று பன்னிரண்டாவது வண்டியில் இருந்தவள்