குளத்தை விட்டுவிட்டீர்கள், வழியை வெட்டிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய வனத்துறை, சாலைத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். காட்டையும் குளத்தையும் இணைத்த மரத்தொடரை ஏன் வெட்டினீர்கள் என்று மறுபடி கேட்கப் போவதில்லை. கோப்பு உங்களிடமே இருக்கிறது. “குளத்தில் கைவைக்கவில்லையே” என்ற உங்கள் பதிலுக்குத்தான் இந்த மடல்.

காட்டுத் தவளைகள் பலவற்றுக்குக் குளம் பிறந்த வீடு மட்டுமே. முட்டையிட மட்டும் குளத்துக்கு வரும். மற்ற நாளெல்லாம் சருகுக்கடியில். தவளை போன்ற நீர்நில வாழ்விகளுக்குக் கரையிலிருந்து 159 முதல் 290 மீட்டர் வரையிலான நிலம் தேவை என்று 2003-லேயே கணக்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் விட்டிருப்பது பத்து மீட்டர் புல்தரை.

வால் சுருங்கிக் கரையேறும் குட்டியைப் பாருங்கள். பல இனங்களில் அது சுண்டுவிரல் நகத்தளவுதான். தோல் வழியாகவே நீரை உறிஞ்சும், தோல் வழியாகவே இழக்கும். நிழலில் ஈரச்சருகு விட்டு ஈரச்சருகு தாவிப் போனது, இப்போது வெட்டவெளியைக் கடந்து தார்ச்சாலையில் ஏற வேண்டும். மழையிரவில் கூட்டமாகக் கிளம்பினால் சக்கரம்; விடிந்தும் கடக்காவிட்டால் வண்டியே வேண்டாம், வெயில் போதும்.

“இரவில் சத்தம் கேட்கிறதே” என்கிறீர்கள். கத்துவது வளர்ந்த ஆண் தவளைகள். குட்டிகள் காடு சேராமல் போனாலும் பழைய ஆண்கள் இருக்கும்வரை கத்தும். இனங்களின் எண்ணிக்கையும் ஏமாற்றும்: காட்டினம் ஒன்று போன இடத்தில் வெட்டவெளித் தேரை ஒன்று வந்தால் கணக்கு சரியாகிவிடும். நீர்மேல் சாய்ந்த கிளையில் நுரைக்கூடு கட்டும் மரத்தவளைக்குக் கிளையே இல்லை.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: அறுந்த மரத்தொடரைச் சேர்த்துக் கொடுங்கள். வரிசையாக நட்டு, அடியில் சுத்தமாகக் கூட்டி வைப்பதல்ல. சருகும் விழுந்த கட்டையும் கிடக்க வேண்டும். சாலைக்கடியில் வறண்ட சிமென்ட் குழாய் போட்டால் தவளை வாயிலிலேயே திரும்பிவிடும். தரையில் ஈரமண், மேலே மழை இறங்கக் கம்பிவலை, இருபுறமும் அரை மீட்டர் வழிகாட்டுச் சுவர் வேண்டும். சுவரின் அடி மண்ணில் புதைந்திருக்கட்டும், மேல் விளிம்பு தவளை வரும் பக்கமாக மடங்கியிருக்கட்டும். அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் குட்டிகள் சாலைக்கு வந்துவிடும்.

கொசுவுக்கென்று கம்பூசியா மீன் விடுவதையும் நிறுத்துங்கள். அது முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். கரையில் தவளைப் படம் போட்ட பலகை மட்டும் அழகாக இருக்கிறது. அதற்கு ஈரம் தேவையில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. அறுந்த தொடரைச் சேர்த்துக் கொடுங்கள். அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், அடுத்த மழைக்கு முன் மிச்சமுள்ள மரங்களின் கீழ் சருகு கூட்டுவதையாவது நிறுத்தும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குளத்துத் தவளைகளைக் கணக்கெடுப்போர்