கரமடியும் ரப்பர் ரோலரும்

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டுவலி குறைந்ததில் நிம்மதி. இங்கே சாரல் விடவே இல்லை, துணி காய மூன்று நாளாகிறது.

காலேஜ் எப்படி என்று கேட்டிருந்தாய். போன வருடம் என்னிடம் வந்த ஒரு புராஜெக்ட் டீமைப் பற்றிச் சொல்கிறேன். நாலு பேர். சின்னத் தோட்டக்காரர்களுக்காக, மோட்டார் வைத்த, ரோலரில் ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷின். படம் வரைந்தவன், ரோலரைச் சுழற்றும் தண்டு, அதாவது ஷாஃப்ட், 25 மில்லிமீட்டர் என்று போட்டான். கடைக்குப் போனவன் அந்த ஷாஃப்ட் உள்ளே நுழைந்து சுழல 20 மில்லிமீட்டர் பேரிங் வாங்கி வந்தான். இரண்டு பேரும் ஹாஸ்டலில் ஒரே ரூம்! முதல் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி பேரிங்கை ஷாஃப்டில் மாட்டப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. வாட்ஸப்பைத் திறந்தால் ஒரு மாதமாக வெறும் 'ஓகே', 'ஓகே'.

வகுப்பில் ரிங்கல்மான் கதையைச் சொன்னேன். பிரான்ஸ்காரர், வேளாண் பொறியாளர். கயிறு இழுக்க ஆள் கூடக் கூட, ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்று 1913-இல் எழுதினார். எட்டுப் பேர் சேர்ந்தால் தலைக்கு ஏறக்குறைய பாதிதான். உடனே குளச்சல்காரப் பையன் ஒருத்தன் எழுந்தான்.

"சார், கரையில நின்னு கரமடி வலை இழுக்கையில அப்படி நடக்காது. கை தளர்ந்தா பின்னால நிக்கிறவனுக்குத் தெரிஞ்சிரும். ரெண்டு பக்கமும் சமமா வரலைன்னா மடி கோணிப்போவும், மீன் போச்சு."

எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க அதே யோசனை. நம் பிள்ளைகளின் கயிறு அடுத்தவன் கண்ணுக்குத் தெரிவதே இல்லையே!

அடுத்த ரிவ்யூவிலிருந்து சீட்டுக் குலுக்கினேன். தன் வேலையைச் சொல்லக்கூடாது, சீட்டில் வந்தவன் வேலையை விளக்க வேண்டும். முதல் தடவை நாலு பேரும் திருதிருவென்று முழித்தார்கள். ஒருவருக்கொருவர் மார்க் போடச் சொல்லியும் பார்த்தேன், அது சுத்த வீண். எல்லாருக்கும் பத்துக்குப் பத்து! கடைசி ரிவ்யூவில், பேரிங் வாங்கி வந்த அதே பையன் போர்டில் டார்க் (முறுக்கு விசை) கணக்குப் போட்டு, ஷாஃப்ட் ஏன் 25 என்று காட்டினான். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, கணக்கு சரி. மிஷின் இன்னும் ஒரு பக்கம் தடியாகத்தான் ஷீட் அடிக்கிறது, அது வேறு.

நம்ம புராஜெக்ட் ஞாபகம் இருக்கா? டிராயிங் முழுக்க நீ. நான் செய்ததெல்லாம் மணிமேடைப் பக்கம் பைண்டிங் கடையில் காத்து நின்றதுதான். வைவாவில் கேள்வியெல்லாம் உன்னிடமே போனது, நான் தப்பித்தேன். இதை உன்னிடம் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை.

ஓணத்துக்கு லீவு கிடைத்தால் வா. பைண்டிங் காசில் என் பங்கு இன்னும் பாக்கி.

உன்,
பழைய ரூம்மேட்