செயலாளரின் ஆண்டறிக்கை: குளிரும் ஈரமும் நம் குட்டிக் கோழிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பேன்டம் என்னும் குட்டி இனக் கோழிகளை வளர்க்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நடந்தவற்றை அவையின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் செராமா என்னும் மிகச் சிறிய பேன்டம் இனத்தை வளர்ப்பவர்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மீதி நேரம் முழுவதையும் கோழிகளுக்கே ஒதுக்குகிறேன்.

பனிக்காலம் தொடங்கியதிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "கொட்டகைக்குள் எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?" என்பதுதான். "காலையில் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்திருக்கிறதா?" என்று ஒவ்வொருவரிடமும் நான் திருப்பிக் கேட்டேன். உறுப்பினர் ஒருவர், கோழிகள் மீதுள்ள பாசத்தால், சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வைத்துக் கொட்டகையின் துவாரம் ஒன்று விடாமல் அடைத்துவிட்டார். மறுநாள் விடியற்காலையில் அவர் அழைத்து நான் போய்ப் பார்த்தபோது கூரையின் உட்புறம் முழுவதும் வெண்பனி பூத்திருந்தது. கோழிகள் விட்ட மூச்சும் எச்சத்தின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் மேலே போய் உறைந்திருந்தன. அவருடைய டச்சு பேன்டம் சேவலின் கொண்டை நுனிகள் வெளிறி, தொட்டால் மெழுகுபோல் விறைத்திருந்தன. தேய்க்காதீர்கள், மெல்லச் சூடேறட்டும் என்று சொன்னேன். சேவல் பிழைத்தது. நுனிகள் சில நாட்களில் கறுத்து, பிறகு உதிர்ந்தன.

அன்றே கூரை விளிம்பை ஒட்டி, கோழிகள் ஏறி அமர்ந்தால் அவற்றின் தலைக்கு மேலே இருக்கும்படி, இரண்டு பக்கமும் திறப்பு விட்டோம். ஈரக்காற்று வெளியேறியது, குளிர்காற்று நேராக உடம்பில் படவில்லை. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. இறகைச் சிலிர்த்துக்கொண்டு உலர்ந்த இடத்தில் உட்கார்ந்தால் அந்த வெப்பத்தை அது காத்துக்கொள்ளும். ஈரம் புகுந்தால் காக்க முடியாது. உருவம் சிறுக்கச் சிறுக்க எடையைவிட மேற்பரப்பு மிகுவதால், அரைக் கிலோகூடத் தேறாத செராமா பெரிய கோழியைவிட வேகமாகச் சூட்டை இழக்கிறது. அது மலேசியாவில் உருவான இனம். உறைபனி இரவுகளில் அதை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

உருண்டைக் குச்சிக்குப் பதில் தட்டையான அகலக் கட்டையை உட்காரப் போடுங்கள். நெஞ்சு இறகு விரல்களை முழுவதுமாக மூடிக்கொள்ளும். தரையில் கனமாகப் பரப்பிய ஆழ்கூளத்தை அடிக்கடி கிளறி உலர்வாக வைத்திருங்கள். பெக்கின், டியூக்கிள் போன்ற இறகுக்கால் இனங்களை ஈரப்பனியில் விட்டால் பாதத்தில் பனிக்கட்டி உருண்டை கட்டும். சில்கியின் பட்டு இறகு நீரைத் தடுக்காது. வெப்ப விளக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உலர்ந்த கூளத்தின் மேல் ஒரு விளக்கு கழன்று விழுந்தால் போதும், கொட்டகை மிஞ்சாது. குளிருக்கென்றே வளர்த்தெடுத்த இனம் வேண்டுவோர் கனடாவின் கியூபெக்கில் துறவி ஒருவர் உருவாக்கிய சான்டெக்ளேரைப் பார்க்கலாம். அதன் கொண்டையும் தாடியும் மிகச் சிறியவை. பனி கடிக்க அங்கே அதிகம் இல்லை. அதில் பேன்டம் வகையும் உண்டு.

இனி குஞ்சு பொரிப்பு. கொட்டகையிலிருந்து நாம் விரட்டிய அதே ஈரம் பொரிப்பானுக்குள் போதாமல் போனது. பனிக்காலக் கடைசியில் சங்கப் பொரிப்பானில் வைத்த 24 செராமா முட்டைகளில் 7 மட்டுமே பொரித்தன. மீதியை நான் உடைத்துப் பார்த்தேன். கூமுட்டைகள் சிலதான். மற்றவற்றில் முழு வளர்ச்சியடைந்த குஞ்சு, உள்சவ்வு காகிதம்போல் காய்ந்து இறகோடு ஒட்டியிருக்க, ஓட்டைக் கொத்தத் தலையைத் திருப்பவும் முடியாமல் இறந்து கிடந்தது. அந்தக் காட்சி நெடுநாள் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

குளிர்காற்றில் நீர் குறைவு. அதையே அறைக்குள் கொண்டுவந்து சூடாக்கும்போது அது இன்னும் வறண்ட காற்றாகிறது. சிறு முட்டைக்கு எடையைக் காட்டிலும் ஓட்டுப் பரப்பு அதிகம்; நீரை விரைவில் இழந்துவிடுகிறது. அடுத்த அடைக்குப் பொன் நிறுக்கும் தராசு ஒன்றை வைத்துக்கொண்டோம். வைக்கும் நாளில் ஒவ்வொரு முட்டையையும் நிறுத்து எழுதி, ஓட்டின் மேல் பென்சிலால் எண் போட்டோம். பொரிப்பதற்கு மூன்று நாள் முன்புவரை மொத்த எடையில் நூற்றுக்கு 12, 13 பங்கு குறைய வேண்டும். அதற்கு மேல் குறைந்தால் தண்ணீர்த் தட்டைப் பெரிதாக்கினோம், குறையாவிட்டால் சுருக்கினோம். விசிறியுள்ள பொரிப்பானில் வெப்பம் 37.5 டிகிரி. செராமா 19 நாள் அளவிலேயே பொரிப்பதால் 16ஆம் நாளிலேயே முட்டை திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்றி, மூடியைத் திறக்கவே இல்லை. இம்முறை 15 குஞ்சுகள். காதை மூடியருகே வைத்தால் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சொலி கேட்டது. செயற்குழுவினர் வரிசையில் நின்று கேட்டார்கள்.

இவ்வளவு சிறிய குஞ்சுகள் தண்ணீர்த் தட்டிலேயே மூழ்கிவிடும். கூழாங்கல் நிரப்பி, இடுக்கில் நிற்கும் நீரை மட்டும் குடிக்க விடுங்கள். தீவனத்தை இன்னும் நுணுக்கிக் கொடுங்கள். குஞ்சுகள் இருக்கும் இடத்தில் வெப்பம் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம்.

ஜப்பானிய பேன்டமான சாபோ வளர்ப்பவர்கள் பொரிப்பானைக் குறை சொல்வதற்குமுன் ஜோடியைப் பாருங்கள். இவ்வினத்தின் கால்களைக் குட்டையாக்கும் மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்தால் கரு ஓட்டுக்குள்ளேயே இறக்கும். எனவே குட்டைக்கால் சேவலைக் குட்டைக்கால் பெட்டையோடு விட்டால், கருக்கூடிய முட்டைகளில் சராசரியாக நான்கில் ஒன்று போய்விடும். ஒரு பக்கம் நெட்டைக்கால் இருந்தால் அந்த இழப்பு இல்லை; குஞ்சுகளில் பாதி குட்டை, பாதி நெட்டை.

விளக்கு போட்டுப் பனிக்காலத்திலும் முட்டையிட வைக்கலாமா என்று விவாதம் எழுந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. என் கருத்தைப் பதிவு செய்கிறேன்: பகல் குறையும் நாட்களில் பெட்டைகள் ஓய்வெடுக்கட்டும். உறையும் குளிரில் இட்ட முட்டையை உடனே எடுக்காவிட்டால் அது விரிசல் விட்டுவிடும், அடைக்கு ஆகாது.

வரும் ஆண்டில் அடையில் உட்கார்ந்த சில்கிப் பெட்டைகளை, முட்டைகளை அடைகாக்க உறுப்பினர்களிடையே இரவல் கொடுத்து வாங்கும் பட்டியல் ஒன்று தொடங்க வேண்டுகிறேன். தராசும் எடைப் பதிவேடும் என்னிடம் இருக்கின்றன. பொரிப்பான் தேவைப்படுவோர் இரண்டு வாரம் முன்னதாகப் பெயர் கொடுக்கவும். இவ்வறிக்கையை அவையின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்